ஈன்ற பிணைக்கு வைத்தியம்

பசு கன்று போட்டுவிட்டு எழ முடியாமல் படுத்துக்கொண்டால், நம் ஊரில் கால்நடை மருத்துவர் வந்து சேருவதற்குள் நாலு பேர் நாலு யோசனை சொல்லிவிடுவார்கள். நஞ்சுக்கொடி விழாவிட்டால் என்ன அரைத்துக் கொடுப்பது, விழுந்த கொடியைச் சாக்கில் சுற்றி எந்த ஆலமரத்தில் கட்டுவது, சீம்பாலை எத்தனை நாள் கன்றுக்கு விடுவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வழக்கம் உண்டு. அவற்றில் சில உதவும், சில உதவாது. ஆனால் எல்லாவற்றுக்கும் பின்னால் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மாட்டோடு வாழ்ந்த அனுபவம் நிற்கிறது.

நியூசிலாந்தின் தென்தீவில் நான் வைத்தியம் பார்க்கும் செம்மானுக்கு அப்படி ஒன்றும் இல்லை. இந்த நாட்டில் மான் பண்ணைக்கு முதல் உரிமம் வழங்கப்பட்டதே 1970இல்தான். குட்டி ஈன்று நோயில் விழுந்த பெண்மானை, அதாவது பிணையை, எப்படிக் காப்பாற்றுவது என்று தட்டுத் தடுமாறி முதன்முதலில் கற்றவர்களில் சிலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களுடைய பண்ணைகளுக்குத்தான் நான் போய்வந்துகொண்டிருக்கிறேன். ஒரு வைத்தியம் பிறந்து வளர்ந்த கதையை, அதைப் பெற்றெடுத்தவர்கள் வாயாலேயே கேட்கும் வாய்ப்பு என் தொழிலில் வேறு யாருக்கும் எளிதில் கிடைக்காது. அதனால் இதை எழுதுகிறேன்.

நான் படித்தது சென்னை வேப்பேரியில். அங்கே எங்களுக்கு மான் ஒரு வனவிலங்கு, அவ்வளவுதான். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மானைக் காட்டுக்கே உரியதாக்கிவிட்டது. அதே ஆண்டுகளில் இங்கே காட்டு மானைப் பிடித்துவந்து வேலிக்குள் விட்டுக்கொண்டிருந்தார்கள். ஊரில் இருப்பவர்களிடம் என் வேலையைச் சொன்னால் முதலில் முகம் சுளிப்பார்கள், இறைச்சிக்காக மானா என்று. ஆட்டையும் மாட்டையும் போல இங்கே இதுவும் மந்தை. மந்தையாக்கிய பிறகு அதன் பிரசவத்துக்கும் நோய்க்கும் மனிதன் பொறுப்பேற்க வேண்டும் என்பதுதான் எனக்கு முக்கியம்.

மனிதர் வந்தபோது வௌவாலைத் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டி எதுவும் நியூசிலாந்தில் இல்லை. குடியேறிய ஆங்கிலேயர்களுக்கு வேட்டையாட மான் வேண்டியிருந்தது. 1851இல் எஸ்ஸெக்ஸில் பெட்ரே பிரபுவின் பூங்காவிலிருந்து ஒரு செம்மான் கலை, அதாவது ஆண்மான், நெல்சன் பக்கம் வந்து சேர்ந்தது. துணை இல்லாமல் அது தனியே திரிந்தது. பத்தாண்டு கழித்து ஒரு கலையும் இரண்டு பிணைகளும் வந்தன. 1871இல் ஸ்காட்லாந்தின் இன்வர்மார்க் மலையிலிருந்து ஒட்டாகோவுக்கு ஒரு கூட்டம் கப்பலேறியது. 1905இல் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் அனுப்பிய வாப்பிட்டி மான்களை ஃபியோர்ட்லாந்தின் ஜார்ஜ் சவுண்டில் இறக்கினார்கள். செம்மானைவிட உடல் பெருத்த இந்த வாப்பிட்டி என் கதையில் பின்னால் வரும்.

இந்த மான்கள் கடந்துவந்தது கடலை மட்டுமல்ல. மான் பருவத்தைப் பகல்நேரத்தின் நீளத்தைக் கொண்டு அறிகிறது. ஸ்காட்லாந்தில் மே கடைசியிலும் ஜூனிலும் ஈன்ற இனம், தென்கோளத்துக்கு வந்ததும் நவம்பர் கடைசியிலும் டிசம்பரிலும் ஈனத் தொடங்கியது. வயிற்றில் குட்டி இருப்பது ஏறத்தாழ 233 நாள், அது மாறவில்லை. மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் கலைகள் கத்தும், கோடை தொடங்கும்போது குட்டி விழும்.

வேட்டையாட இங்கே ஓநாய் இல்லை. புல்லும் புதரும் வேண்டியமட்டும் இருந்தன. மான் பெருகி மலைச்சரிவுகளின் செடிகளை மொட்டையடித்தது, மண் சரிந்தது. 1930இல் கிரைஸ்ட்சர்ச்சில் மான் தொல்லையைப் பற்றியே ஒரு மாநாடு கூட்டினார்கள். அதுவரை மானுக்கு இருந்த சட்டப் பாதுகாப்பு நீங்கியது. அடுத்த ஆண்டிலிருந்து உள்துறை இலாகா சம்பளத்துக்கு ஆள் வைத்து மானைச் சுட்டது. கேப்டன் யெரெக்ஸ் அந்த வேலையை முன்னின்று நடத்தினார். மலையில் மாதக்கணக்காகக் குடிசை போட்டுத் தங்கிய இளைஞர்கள் தோலுக்கும் வாலுக்கும் கணக்குக் கொடுத்துக் கூலி வாங்கினார்கள். மான் அரசாங்கப் பட்டியலில் ஒரு தீங்குயிர். அதன் பிரசவத்தைப் பற்றி யார் கவலைப்பட்டிருப்பார்கள்? ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். மானை நெருங்கி அறிந்தவர்கள் அன்று இந்த நாட்டில் அந்தக் கூலி வேட்டைக்காரர்கள் மட்டும்தான். எந்தப் புதரில் பிணை குட்டியை ஒளிக்கும், எந்த நேரத்தில் பால் கொடுக்க வரும், மடியில் பால் இருக்கும் பிணை எப்படி நிற்கும் என்பதெல்லாம் கொல்வதற்காகக் கற்ற பாடங்கள். பிற்காலத்தில் அதே பாடங்கள் காப்பாற்றவும் பயன்பட்டன.

1960களில் மேற்கு ஜெர்மனி மான் இறைச்சியை விலை கொடுத்து வாங்கத் தொடங்கியதும் காட்சி மாறியது. வானாகா பக்கத்து டிம் வாலிஸ் போன்றவர்கள் ஹெலிகாப்டரில் போய்ச் சுட்டுச் சுமந்துவந்தார்கள். சில ஆண்டுகளில் மலைகளில் மான் குறைந்தது. உயிரோடு பிடித்து வளர்த்தால் என்ன என்ற கேள்வி அப்போது எழுந்தது. 1969இல் சட்டம் இடம் கொடுத்தது. மறு ஆண்டு டௌப்போவுக்கு அருகே ராஹானா பண்ணைக்கு முதல் உரிமம். அதற்குப் பிறகு நடந்ததை இங்குள்ளவர்கள் இன்றும் கண் விரியச் சொல்வார்கள். பறக்கும் ஹெலிகாப்டரிலிருந்து மான் மேல் குதித்துக் கழுத்தைக் கட்டிப் பிடித்தார்கள். மயக்க ஊசி எய்தார்கள். பிறகு வலையைச் சுடும் துப்பாக்கி வந்தது. கால்களைக் கட்டிப் பையில் போட்டு, ஹெலிகாப்டருக்கு அடியில் தொங்கவிட்டுப் பள்ளத்தாக்குக்குக் கொண்டுவந்தார்கள். இந்த வேலையில் மனிதர்கள் பலர் இறந்தார்கள். 1970களின் கடைசியில் ஒரு பிணை ஆயிரக்கணக்கான டாலருக்கு விலைபோனது.

உலகில் மான் வளர்ப்பு புதிதல்ல. சீனத்தின் ஜிலின் பகுதியில் சீக்கா மானையும், ரஷ்யாவின் ஆல்தாய் மலையில் மாரல் மானையும் மருந்துக்கான இளங்கொம்புக்காக 19ஆம் நூற்றாண்டிலேயே அடைத்து வளர்த்தார்கள். ஆனால் இங்கிருந்தவர்களுக்கு அந்த அனுபவம் கைக்கு எட்டவில்லை. அவர்களிடம் ஆட்டுப் பண்ணையும் ஆட்டு வைத்தியமும்தான் இருந்தன. அதை மானுக்குப் பொருத்திப் பார்த்தார்கள். பொருந்தவில்லை.

டே அனாவ் பக்கத்துப் பெரியவர் ஒருவர், இளமையில் ஹெலிகாப்டரில் போய் மான் பிடித்தவர், முதல் வசந்தத்தைப் பற்றி என்னிடம் சொன்னார். பிடித்துவந்த பிணைகளைக் குளிர்காலம் முழுக்க உயர்ந்த வேலிக்குள் வைத்திருந்தார்கள். பாதிக்குப் பாதி முதல் வாரத்திலேயே இறந்திருந்தன. ஓடவிட்டுப் பிடித்த மானின் தசை, அந்த ஓட்டத்தின் நஞ்சிலேயே வெந்துபோவதுபோல் அழிந்து, சிறுநீர் கறுத்து, இரண்டொரு நாளில் விழுந்துவிடும் என்பது அப்போது அவர்களுக்குத் தெரியாது. பிழைத்தவற்றில் வயிற்றில் குட்டியோடு இருந்தவை நவம்பரில் ஒரு மாதிரி நடக்கத் தொடங்கின. வேலியை ஒட்டியே காலை முதல் மாலை வரை நடந்தன. மண்ணில் தடம் பள்ளமாக விழுந்தது. வேலியில் ஓட்டை தேடுகின்றன என்று நினைத்து இவர்கள் வேலியை இன்னும் இறுக்கினார்கள்; பக்கத்தில் போய் நின்று காவல் காத்தார்கள். ஆள் நிற்க நிற்க அவை இன்னும் வேகமாக நடந்தன. சில குட்டிகள் வேலியோரத்திலேயே விழுந்து மிதிபட்டன. ஈனும் நேரம் நெருங்கிய பிணை கூட்டத்தை விட்டு விலகிப் போக விரும்புகிறது, விலக இடம் இல்லாததால்தான் நடக்கிறது என்பது அந்தப் பருவம் முடியும்போதுதான் புரிந்தது என்றார். மறு ஆண்டு அவர் ஓடைக்கரையில் கோரையும் டஸ்ஸக் புல்லும் அடர்ந்த மூலை ஒன்றைப் புல்வெட்டாமல் விட்டுவைத்தார். நவம்பரில் அந்தப் பக்கம் போவதையே நிறுத்தினார். அந்த ஆண்டு குட்டிகள் பிழைத்தன.

இந்தப் பெரியவர் தானே கண்டுபிடித்ததாக நினைத்தது உண்மையில் மிகப் பழைய அறிவு. இங்கிலாந்தில் அரசனின் காடுகளுக்குத் தனிச் சட்டம் இருந்த காலத்தில், ஜூன் 24க்கு முன்னும் பின்னும் பதினைந்து பதினைந்து நாள் காட்டுக்குள் ஆள் நடமாட்டத்தையும் மாடு மேய்ப்பதையும் தடுத்தார்கள். மான் குட்டி ஈனும் மாதம் அது. 1217இல் மூன்றாம் ஹென்றியின் பெயரில் வெளிவந்த காட்டுச் சாசனத்திலேயே மான்கள் ஈனும் காலம் குறிப்பிடப்படுகிறது. அது அரசனின் வேட்டைக்காகப் போடப்பட்ட ஏற்பாடு, பரிவால் வந்ததல்ல. இருந்தாலும், ஈனும் மானின் பக்கத்தில் போகக் கூடாது என்பதை ஒரு நாடு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் சட்டமாக எழுதிவைத்திருந்தது. கப்பலில் மானை அனுப்பியவர்கள் அந்த அறிவைக் கூடவே அனுப்பவில்லை.

தொடாமல் இருக்கக் கற்றது ஒரு பாதி. பிணை நோயில் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்பது மறுபாதி, கடினமான பாதி.

மாடு நோயுற்றால் தனியாக ஒதுங்கி நிற்கும்; அதைப் பார்த்தே கண்டுபிடிப்போம். ஈன்ற பிணையோ நன்றாக இருக்கும்போதே ஒதுங்கித்தான் நிற்கும். மாட்டின் நஞ்சுக்கொடியைப் பார்த்து விழுந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்வோம். பிணை தன் கொடியை ஈன்ற சில மணி நேரத்தில் தின்றுவிடும். குட்டியின் உடலிலிருந்து ஈரம், அது கழித்த மலம், மூத்திரம் எல்லாவற்றையும் நக்கி, வாசனையே இல்லாமல் ஆக்கிவிடும். குட்டி புல்லுக்குள் அசையாமல் படுத்திருக்கும். தாய் நாளில் சில முறை மட்டும் வந்து பாலூட்டிவிட்டுத் தூரப் போய்விடும். தாயையும் குட்டியையும் ஒன்றாகப் பார்க்க முடியாததால், தாய் குட்டியைக் கைவிட்டுவிட்டது என்று ஆரம்பகாலப் பண்ணைக்காரர்கள் பலர் நினைத்து, நன்றாக இருந்த குட்டிகளைத் தூக்கிவந்தார்கள். இன்னொன்று, மான் தன் வலியை வெளியே காட்டாது. தளர்ந்ததைக் காட்டிக்கொண்டால் ஓநாய் முதலில் அதைத்தான் தேர்ந்தெடுக்கும் என்ற பயம், ஓநாயே இல்லாத நாட்டிலும் அதன் உடலில் தங்கியிருக்கிறது. காது தொங்கி, மயிர் சிலிர்த்து, வயிறு ஒட்டி நிற்பதை நாம் கண்ணால் பார்க்கும்போது நோய் பாதி தூரம் போயிருக்கும்.

ஆகவே இந்த வைத்தியத்தின் முதல் கருவி தொலைநோக்கி. நவம்பரிலும் டிசம்பரிலும் நல்ல பண்ணைக்காரர் விடிகாலையிலும் அந்தியிலும் ஒரே மேட்டில் ஒரே இடத்தில் வண்டியை நிறுத்தி, உள்ளேயே உட்கார்ந்து பார்ப்பார். எந்தப் பிணை எந்தப் புதரை நோக்கிப் போகிறது, எது நேற்று நின்ற இடத்திலேயே இன்றும் நிற்கிறது, எதன் வாலடியில் ஏதோ தொங்குகிறது என்று. பழகிய வண்டியைக் கண்டு மான் கலையாது.

ஒரு டிசம்பரில் இப்படித்தான் ஒருவர் என்னை அழைத்தார். பிணை ஈன்று ஒரு நாளுக்கு மேலாகிவிட்டது, கொடி இன்னும் தொங்குகிறது, குட்டி கோரைக்குள் கத்துகிறது. செம்மானில் கொடி தங்குவது மாட்டைப் போல வழக்கமானதல்ல. அது நடந்தால் பெரும்பாலும் பிரசவம் சிரமப்பட்டிருக்கும், கருப்பையில் புண்ணோ அழற்சியோ இருக்கும். குட்டியின் குரல் இன்னொன்றையும் சொன்னது. பாலுண்ட குட்டி கத்தாது.

பிணையைப் பட்டிக்குக் கொண்டுவர முடிவு செய்தோம். இதில் ஒவ்வொரு அடியும் யாரோ ஒருவர் முன்பு இழந்து கற்றது. தனியாக ஓட்டினால் மான் வேலியில் மோதும். ஆகவே கூடவே குட்டி ஈனாத இரண்டு மூன்று பெண்மான்களைச் சேர்த்து, சேர்ந்து நடக்கவிட வேண்டும். ஓட்டக் கூடாது, வாயிலைத் திறந்துவைத்து, தூரத்தில் மெல்ல நடந்து திசையை மட்டும் காட்ட வேண்டும். குட்டியைத் தொடவே கூடாது. கூட்டத்தோடு பட்டிக்குள் வந்தால் அது மிதிபடும். தாய் விட்ட இடத்திலேயே அது படுத்திருக்கும். தாய் திரும்பி வந்து தேடும் இடமும் அதுவே. அந்த இடத்துக்குப் பிணை அந்தி சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். எங்களுக்கு இருந்த நேரம் அவ்வளவுதான்.

பட்டியும் இந்த ஐம்பது ஆண்டுகளின் கண்டுபிடிப்புத்தான். முதலில் ஆட்டுப் பட்டியின் சட்டங்களை உயர்த்திக் கட்டினார்கள். மான்கள் தாவிக் கால் முறிந்தன. பிறகு இடைவெளி இல்லாத பலகைச் சுவரும் கூரையும் மங்கிய வெளிச்சமும் வந்தன. இருட்டில் மான் அடங்கும். வெளிச்சத்தை எங்கே விடுகிறோமோ அந்தப் பக்கம் போகும். மானைப் பிடித்து நிறுத்தும் கூண்டுக்கு இருபுறமும் மெத்தை வைத்த சுவர்கள். அழுத்தினால் மான் அசையாமல் நிற்கும். அந்தக் கூண்டில் வைத்து நான் முதலில் வெப்பமானியை எடுக்கவில்லை. நடந்துவந்த பரபரப்பிலேயே மானின் உடல்சூடு ஒன்றிரண்டு டிகிரி ஏறிவிடும்; காய்ச்சலா ஓட்டமா என்று வெப்பமானி பிரித்துச் சொல்லாது. மூக்கின் ஈரம், கண்ணின் நிறம், மூச்சின் நாற்றம், மடியின் வெப்பம் ஆகியவற்றைத்தான் நம்ப வேண்டும். மடியில் கட்டி இருக்கிறதா என்று விரலால் பார்க்க வேண்டும். கண் மேகம் போர்த்து, கழிச்சலில் இரத்தம் இருந்தால் அது வேறு கதை: ஆடு எந்தச் சுகவீனமும் காட்டாமல் சுமந்து திரியும் ஒரு வைரஸ், மானுக்குள் போனால் தீய சளிக்காய்ச்சலாக மாறிக் கொன்றுவிடும். ஆடும் மானும் அடுத்தடுத்து மேயும் நாடு இது. ஆரம்ப ஆண்டுகளில் எத்தனையோ பிணைகளை அந்தக் காய்ச்சல் கொண்டுபோனது. அதற்கு இன்றும் மருந்து கிடையாது.

இந்தப் பிணைக்கு அது இல்லை. சைலசீன் கொடுத்து மயக்கம் வரவைத்தோம். இந்த மருந்தும், அதன் பிடியை உடைத்து மானை மீண்டும் எழுப்பும் யோகிம்பைனும் இல்லாவிட்டால் 1980களில் இந்த வைத்தியம் வளர்ந்திருக்காது. அதற்கு முன்பு மயக்கத்தில் படுத்த மான் எழும்வரை மணிக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். வயிறு உப்பி, இரைப்பைத் தண்ணீர் மூச்சுக்குழலில் இறங்கிப் பல இறந்தன. படுத்த மானின் தலையைத் தூக்கி, மார்பின் மேல் சாய்த்து உட்காரவைக்க வேண்டும் என்பதை இன்று மாணவர்களுக்கு முதல் பாடமாகச் சொல்கிறோம். கொடியை நான் இழுக்கவில்லை. இழுத்தால் உள்ளே கிழியும். இன்னொரு குட்டி இருக்கிறதா என்று பார்த்தேன். செம்மானில் இரட்டைக் குட்டி அபூர்வம், இருந்தாலும் பார்க்காமல் விடக் கூடாது. வலிக்கும் அழற்சிக்கும் ஊசி, பிறகு பல நாள் உடலில் நிற்கும் ஆக்ஸிடெட்ராசைக்ளின். தினம் ஒரு ஊசி என்ற மாட்டு முறை மானுக்கு உதவாது. மறுநாள் மறுபடி பட்டிக்கு ஓட்டினால், மருந்து காப்பாற்றுவதை ஓட்டமே கொன்றுவிடும். ஒரு தொடுதலில் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும். யோகிம்பைன் கொடுத்ததும் பிணை சில நிமிடத்தில் எழுந்து நின்றது. மாலைக்குள் கூட்டத்தோடு வெளியே விட்டோம். மறுநாள் அந்தியில் பண்ணைக்காரர் தொலைநோக்கியில் பார்த்துச் சொன்னார், கோரைக்குள் போய் வந்தது, குட்டி கத்தவில்லை என்று. பிணை பிழைத்தது, குட்டியும் வளர்ந்தது.

மேலே சொன்ன ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆண்டும் ஒரு ஊரும் உண்டு. டனீடனுக்கு அருகே மோஸ்கில் பக்கத்து இன்வர்மே ஆராய்ச்சி நிலையத்தில் கென் ட்ரூ முதலானவர்கள் 1973 முதல் மானை வைத்து ஆராய்ந்தார்கள். 1975இல் மான் பண்ணைக்காரர்கள் சங்கம் சேர்த்தார்கள். 1978இல் பண்ணை மானில் காசநோய் கண்டுபிடிக்கப்பட்டதும் கால்நடை மருத்துவர்களே விழித்தெழுந்தார்கள். 1984இல் மானுக்கென்று முதல் பயிற்சி வகுப்பு நடத்தித் தங்கள் அனுபவங்களைப் புத்தகமாகக் கட்டினார்கள். பிறகு ஆண்டுதோறும் அது தொடர்ந்தது. அந்தப் புத்தகங்களைப் புரட்டும்போது எனக்குப் பிடிப்பது, ஆராய்ச்சியாளரின் கட்டுரைக்குப் பக்கத்திலேயே கிராமத்து மருத்துவரின் நாலு பக்கக் குறிப்பும் இருப்பதுதான். நான் இந்த மருந்தைக் கொடுத்தேன், இப்படி நடந்தது, உங்களுக்கு எப்படி என்று கேட்கும் குறிப்புகள்.

அதே காலத்தில் ஸ்காட்லாந்தில் வேறு வழியில் முயன்றார்கள். 1970இல் கென்னத் பிளாக்ஸ்டரும் தோழர்களும் கிளென்சாவில், மலையில் பிறந்த குட்டிகளை எடுத்துவந்து புட்டிப்பால் கொடுத்து வளர்த்தார்கள். மனிதனுக்குப் பழகிய தாய், மனிதன் முன்னால் அஞ்சாமல் ஈனும் என்ற எண்ணம். 1974இல் அவர்களுடைய முதல் அறிக்கை வந்தது. கால்நடை மருத்துவரான ஜான் ஃபிளெச்சர் 1973இல் ஃபைஃபில் தன் பண்ணையைத் தொடங்கினார். நியூசிலாந்து மலையிலிருந்து வளர்ந்த மானையே பிடித்தது. ஸ்காட்லாந்து குட்டியிலிருந்து தொடங்கியது. மந்தை பெருக்குவதில் நியூசிலாந்து முந்தியது. நோயுற்ற தாயின் குட்டியை எப்படிக் காப்பது என்பதில் கிளென்சா கற்றதுதான் எங்களுக்கும் பாடம்.

தாய் இறந்த குட்டியை வளர்த்தது இங்கே பெரும்பாலும் பண்ணை வீட்டுப் பெண்கள். வரலாற்றில் அவர்கள் பெயர் இல்லை. சமையலறை அடுப்போரத்தில் அட்டைப் பெட்டியில் குட்டியை வைத்திருந்த புகைப்படங்கள் மட்டும் வீடுகளில் இருக்கின்றன. மான்பாலில் பசும்பாலைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் கொழுப்பு. ஆகவே பசும்பாலை அப்படியே கொடுத்தால் குட்டி தேறாது, அதிகம் கொடுத்தால் கழியும். முதல் நாளில் சீம்பால் வேண்டும். பசுவின் சீம்பால் போதும் என்று கண்டுகொண்டார்கள். குட்டி தானாக மலம் கழிக்காது. தாயின் நாக்கு செய்யும் வேலையை வெந்நீரில் நனைத்த துணியால் ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளுமுன் பல குட்டிகள் பால் நிறைந்த வயிற்றோடு இறந்தன. இன்னொன்றையும் அவர்கள்தான் முதலில் எச்சரித்தார்கள். கையில் வளர்ந்த பெண்குட்டி நல்ல பிணையாகும்; மற்றவற்றையும் பட்டிக்கு அழைத்துவரும். கையில் வளர்ந்த ஆண்குட்டிக்கு மனிதனிடம் அச்சம் போய்விடும். மூன்றாவது நான்காவது இலையுதிர்காலத்தில் அதே கைகள் கொம்புக்கு அஞ்ச வேண்டும்.

பண்ணைக்காரர்கள் பெரிய உடலை விரும்பியபோது புதுத் தொல்லை வந்தது. 1980களில் கனடாவிலிருந்து வாப்பிட்டி வரவழைத்தார்கள். செம்மான் குட்டி பிறக்கும்போது 8 முதல் 10 கிலோ. வாப்பிட்டிக் குட்டி அதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. வாப்பிட்டிக் கலையைச் செம்மான் பிணையோடு சேர்த்தால் குட்டி சீக்கிரம் எடை போடும், விலை வரும். ஆனால் அதை ஈனுவது சிறிய இடுப்புள்ள தாய். குளிர்காலத்தில் கொழுக்க வைத்த பிணைக்கும் இதே கதி. மடங்கிய கால், சிக்கிய தலை, கிழிந்த கருப்பை என்று எனக்கு வந்த மோசமான அழைப்புகளில் பெரும்பாலானவை இந்தக் கலப்பால் வந்தவை. வயதுவந்த, எலும்பு பெரிய பிணைகளை மட்டும் அந்தக் கலப்புக்கு விடுங்கள், கடைசி இரண்டு மாதம் தீனியைக் கட்டுப்படுத்துங்கள் என்று இன்று எல்லோரும் சொல்கிறோம். ஆனால் பேராசைக்கு விலை கொடுத்தது தாய்மான்தான். அதை நான் மென்மையாகச் சொல்ல விரும்பவில்லை.

ஈன்று நோயுற்ற பிணையைப் பட்டிக்குக் கொண்டுவராமல் சுட்டுவிடுவதே கருணை என்று சொல்லும் பண்ணைக்காரர்கள் உண்டு. மருத்துவரின் கட்டணம் ஒரு பக்கம், பிணையின் விலை ஒரு பக்கம் என்று கணக்குப் பார்ப்பவர்களும் உண்டு. எழ முடியாமல் கிடக்கும் மானை, கருப்பை வெளியே தள்ளிக் குளிர்ந்துபோன மானை, தாமதிக்காமல் முடித்துவிடுவது சரி. நானே அப்படிச் செய்யச் சொல்லியிருக்கிறேன். நடக்க முடிந்த பிணைக்கு அந்த வாதம் பொருந்தாது. மலையில் அது தன் இடத்தைத் தானே தேர்ந்தெடுத்திருக்கும். தண்ணீருக்கும் மறைவுக்கும் போயிருக்கும். இரண்டு மீட்டர் வேலியைக் கட்டி அந்த வழியை அடைத்தவர்கள் நாம். அதற்கு ஒரு மாற்று வைத்தியம் தர வேண்டிய கடன் நமக்கு உண்டு.

2004 வாக்கில் இந்த நாட்டில் பண்ணை மான்கள் 17 லட்சத்தைத் தாண்டின. பிறகு விலை சரிந்தது. பால்மாட்டுப் பண்ணைகள் சமவெளிகளைப் பிடித்துக்கொண்டன. இன்று மான்கள் 10 லட்சத்துக்கும் கீழே. மானுக்கென்று தனி அனுபவம் உள்ள மருத்துவர்கள் ஓய்வுபெறுகிறார்கள். புதிதாக வருபவர்கள் ஒரு பருவத்தில் ஒன்றிரண்டு ஈன்ற பிணைகளையே பார்க்கிறார்கள். டே அனாவ் பெரியவரிடம் 1970களிலிருந்து எழுதிய நோட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன: எந்தப் பிணை எந்த நாளில் ஈன்றது, எந்த மூலையில், என்ன நோய், பிழைத்ததா என்று பென்சிலில். அவற்றைப் படி எடுக்க அவர் அனுமதித்திருக்கிறார். குளிர்கால மாலைகளில் ஒவ்வொரு பக்கமாக நகலெடுத்துக்கொண்டிருக்கிறேன். புரியாத இடங்களில் தொலைபேசியில் கேட்பேன். அந்தப் பிணையின் காது அடையாள எண்ணை நான் சொன்னதும் அவருக்கு நினைவு வந்து, அன்று மழை பெய்ததா இல்லையா என்பதுவரை சொல்வார். அவருடைய வயலின் வரைபடத்தில், நோட்டில் வரும் ஓடைக்கரை மூலையை நான் பச்சையில் குறித்திருக்கிறேன். அங்கே இப்போது ஹராகெக்கே என்ற அடர்ந்த செடிகளை வரிசையாக நட்டிருக்கிறார் அவருடைய மகள். வரும் அக்டோபரில் பிணைகளைப் பிரித்து வயல்களில் விடும்போது எவற்றை அங்கே விடுவது என்று அவர்கள் இருவரும் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். முதல்முறை ஈனும் இளம் பிணைகளுக்கு அந்த மறைவைக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.